கல்வாழையும் அதன் விருத்தியும்

காஞ்சீபுரத்தில் விவாகமாயினும் உற்சவமாயினும் வாயிலில் குலைவாழை கட்டுவது வழக்கம். ‘வாழையடி வாழை’ என்று குலம் தழைக்க வாழ்த்துவது, தாய்மரம் சாயுமுன்னரே அதன் கிழங்கினின்று பக்கக்கன்று எழுவதைக் கண்டேயாகும். அவ்வாழைக்கு மலைகளில் ஓர் உறவு உண்டு. அதற்கு இவ்வாழ்த்துப் பொருந்தாது. அதுவே கல்வாழை.

தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் சிறு செடியையும் ஜனங்கள் கல்வாழை என்றே அழைக்கின்றனர். அது வேறு குடும்பம். கிழங்கால் எளிதிற் பரவும். இங்குக் கூறப்படுவது மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வளர்வது. தாவர சாஸ்திரியாகிய ராக்ஸ்பரோ இதனை வாழையினத்திலேயே வைத்துப் பெயரிட்டார்; 1947-ஆம் ஆண்டுக் கியூ சஞ்சிகையில் சீஸ்மன் என்பார் இதனை ‘என்செட்’ என்னும் தனி இனத்திற் சேர்த்தார். எத்தியோப்பியாவில் இவ்வினத்தின் மற்றொரு ஜாதியின் தண்டையும் கிழங்கையும் புளிக்கவைத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் உண்கின்றனர். நம் கல்வாழைக்கோ அழகே பிரதானம்: குடம்போற் பருத்த அடி, அகன்ற இலை, அடுக்கடுக்கான செந்நிற மடல். கனியில் சதையைவிட விதையே மிகுதி.

மழையில் தழைத்து, வறட்சியில் இலை முழுதும் உலர்ந்து, அடித்தூர் மாத்திரம் உறங்கும். இவ்வாறு பல ஆண்டுகள் சென்றபின் ஒரேமுறை குலைதள்ளி மடியும். பக்கக்கன்று இடுவதில்லை. ஆகவே குலை முற்றுமுன் வெட்டினால் அதன் வம்சம் அவ்விடத்தில் அற்றுப்போம். நாட்டு மருந்துக் கடையில் கல்லடைப்புக்கென விற்கும் விதை, மலையில் அடுத்த தலைமுறையாக வேண்டியதே. வைத்தியர் சொல்லாமல் அதனை உட்கொள்வதும் உசிதமன்று.

இதனை வளர்க்க விரும்புவோர் மலையினின்று தூரைப் பெயர்த்துக் கொணர வேண்டா; விதையிலிருந்து எழுப்பிய கன்றையே பெறுக. விதையின் ஓடு மிகக் கடினமாதலால் சில நாள் நீரில் ஊறவைத்து, மணல் கலந்த எருமண்ணில் இடவேண்டும். முளைக்கச் சில மாதங்களும் ஆகலாம். எல்லாம் ஒருங்கே முளைப்பதுமில்லை. அவசரக்காரர் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு விதையைக் குறை கூறுவர்.

கொல்லையில் கழிவுநீர் பாயுமிடம் சாதாரண வாழைக்கு உகந்தது, இதற்கு ஆகாது. நம் பக்கத்துப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் வருவது; அதன்பின் செடி உறக்கத்தை நாடுங்காலம். அச்சமயம் தூரில் நீர் தேங்கின் அழுகும். எனவே கல்லும் மணலும் இட்டு மேடாக்கி நடுக. கோடையில் இலை கருகியதும் பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிடலாகாது. நீரையும் குறைத்துவிட வேண்டும். குலைதள்ளினால் பழுத்த பின்னரே அறுத்து, விதையில் ஒரு பங்கையேனும் உடனே விதைத்துவிடுக.