மரபணு மட்டும்தானா காரணம்?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி அதிகம் வருகிறதாமே, பரம்பரைதான் காரணமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: பரம்பரைக்கும் பங்குண்டு; ஆனால் கதை அதோடு முடியவில்லை. 50 வயதுக்குள் அங்கே கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும், வெள்ளையினப் பெண்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கும் இந்தக் கட்டி வந்துவிடும் என 2003-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கறுப்பினப் பெண்களுக்கு இளம் வயதிலேயே வருகிறது. கட்டிகளும் பெரிதாக இருக்கின்றன.

பரம்பரை தவிர வேறென்ன காரணம் இருக்கலாம்? சுருள்முடியை நேராக்கும் ‘ரிலாக்ஸர்’ கிரீமைப் பாருங்கள். அதிலுள்ள காரம் தலைத்தோலை எரித்துப் புண்ணாக்கும். அந்த வழியே ரசாயனங்கள் உடலில் இறங்கலாம். 1995-ல் தொடங்கி சுமார் 59,000 கறுப்பினப் பெண்களைத் தொடரும் ஆய்வில், ரிலாக்ஸர் பூசியவர்களுக்கு ஃபைப்ராய்டு சற்றுக் கூடுதலாகவே தென்பட்டது. நேர்முடிதான் ‘நாகரிகம்’ என்று அலுவலகங்கள் எதிர்பார்த்ததால் பலர் பூசினார்கள். இனப்பாகுபாடு தரும் மன அழுத்தம், வைட்டமின் டி குறைவு ஆகியவற்றோடும் தொடர்பு தெரிகிறது. இவையெல்லாம் தொடர்புகளே, முடிந்த முடிவுகள் அல்ல.

எந்த ஊர்ப் பெண்ணானாலும் சரி, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அது ஃபைப்ராய்டின் அறிகுறியாகவும் இருக்கலாம்; ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.