நாலு கார்டும் நான் பட்ட பாடும்

கிட்டாரோ கீபோர்டோ கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறீர்கள். பஜனைக்கு வாசிக்க ஆசை இருக்கும். ஆனால் எந்த கார்டுக்குப் பிறகு எந்த கார்ட், ஏன் அப்படி என்று கேட்டால் குழப்பம்தான். நானும் அந்தக் குழப்பத்தில் கிடந்தவன். அதனால் இந்த மாதம் கார்ட் வரிசையின் அடிப்படையைப் பார்ப்போம். அதற்கு முன் நான் அவமானப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் படிவம் படிக்கும்போது யூடியூப் பார்த்து நாலு கார்ட் கற்றேன்: சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர். இந்த நாலை வைத்தே எத்தனையோ பாட்டு வாசிக்கலாம் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயில் மண்டபத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பஜனையை நடத்தும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். அவர் சுருதி 5 கட்டை. எனக்குத் தெரிந்ததோ 1 கட்டை மட்டும். முதல் இரண்டு கார்ட் எப்படியோ ஒட்டிக்கொண்டது. எஃப் மேஜரை அழுத்தியதும் பாட்டியின் குரல் தடுமாறியது. நான் விடவில்லை, இன்னும் சத்தமாக அழுத்தினேன். பாட்டி நிறுத்திவிட்டார். "பரவாயில்ல அய்யா, நீ வாசி" என்று சொல்லி ஜால்ராவைக் கீழே வைத்தார். அன்று அவர் மறுபடி பாடவே இல்லை.

பஜனை முடிந்து செருப்பு மாட்டும்போது, ஹார்மோனியம் வாசிக்கும் அங்கிள் பக்கத்தில் வந்தார். திட்டவில்லை. "தம்பி, நீ கார்டோட பேரைப் படிச்சிருக்க, எண்ணைப் படிக்கல. நாளைக்கு வா" என்றார். அவரிடம் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. கார்ட் எங்கிருந்து வருகிறது?

ச ரி க ம ப த நி. சங்கராபரணத்தின் இந்த ஏழு சுரமும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் ஒரே சுரத்தானங்கள்தான். கீபோர்டில் சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்தினால் அது வந்துவிடும். இப்போது ஒரு சுரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை எடுங்க. மறுபடி ஒன்றை விட்டு ஒன்றை எடுங்க. இப்படிக் கிடைக்கும் மூன்று சுரமும் ஒன்றாக ஒலித்தால் அதுதான் கார்ட்.

1 — ச க ப
2 — ரி ம த
3 — க ப நி
4 — ம த ச
5 — ப நி ரி
6 — த ச க
7 — நி ரி ம

கருப்புக் கட்டையையும் சேர்த்து ஒவ்வொரு கட்டையாக எண்ணிப் பாருங்க. 1, 4, 5 ஆகியவற்றில் முதல் சுரத்திலிருந்து நடுச் சுரத்துக்கு 4 படி, அங்கிருந்து மேல் சுரத்துக்கு 3 படி. இது மேஜர், நிறைவான ஒலி. 2, 3, 6 ஆகியவற்றில் முதலில் 3 படி, பிறகு 4 படி. இது மைனர், கொஞ்சம் உருக்கமான ஒலி. ஏழாவதில் 3 படி, மறுபடி 3 படி. இதன் பெயர் டிமினிஷ்ட். நிலை கொள்ளாமல் தவிக்கும். ஆரம்பத்தில் ஏழாவதைத் தொடவே வேண்டாம்.

2. வீடு, வெளியூர், வீட்டு வாசல்

கார்ட் வரிசை என்பது ஒரு பயணம். ஒன்றாம் கார்ட் வீடு; ச அங்கேதான் இருக்கிறது. நான்காம் கார்ட் வீட்டை விட்டு வெளியே கிளம்புவது. ஐந்தாம் கார்ட், ஊர் சுற்றிவிட்டு வந்து வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடிப்பது மாதிரி. உள்ளே போகாமல் அங்கேயே நிற்க முடியாது.

ஏன் அப்படி? ஐந்தாம் கார்டில் நி இருக்கிறது. நி-க்கும் மேல் ச-வுக்கும் இடையே ஒரே ஒரு படிதான். காது அந்த ஒரு படியை ஏறிவிடத் துடிக்கும். நம்பிக்கை இல்லையென்றால் 1, 4, 5 வாசித்துவிட்டு அப்படியே நிறுத்திப் பாருங்க. பக்கத்தில் இருப்பவர், "என்ன, பாதியில விட்டுட்ட?" என்று கேட்பார். 1 வாசித்தால்தான் மூச்சு விடுவார்.

ஆறாம் கார்டில் த, ச, க இருக்கின்றன. இதில் ச-வும் க-வும் ஒன்றாம் கார்டிலும் உண்டு. அதனால் இது வீட்டுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் மைனர் என்பதால் மனசு கொஞ்சம் இளகும். இந்த நாலையும் வைத்து மூன்று வரிசைகளைப் பழகுங்க:

1 – 4 – 5 – 1
1 – 6 – 4 – 5
1 – 5 – 6 – 4

மூன்றாவதுதான் நான் யூடியூபில் கற்ற நாலு கார்ட். அதன் கடைசியில் 5 இல்லாததால் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருக்கலாம். பாட்டை முடிக்க மட்டும் கடைசியில் 1-க்கு வந்து சேர வேண்டும்.

3. பேரை விடு, எண்ணைப் பிடி

இப்போது என் தவறு உங்களுக்கே புரிந்திருக்கும். 5 கட்டை என்றால் ஜி. பாட்டிக்கு வீடு ஜி. நானோ சி-யை வீடாக வைத்து வாசித்தேன். ஜி-யில் பாடும்போது நி என்பது எஃப் அல்ல, எஃப் ஷார்ப். நான் அழுத்திய எஃப் மேஜர் நேராக அவருடைய நி-யோடு மோதியது. குரல் தடுமாறாமல் என்ன செய்யும்?

எண் தெரிந்தால் எந்தச் சுருதியிலும் வழி தெரியும். 1, 4, 5, 6 ஆகிய நாலு கார்டும் இப்படி வரும்:

1 கட்டை: சி, எஃப், ஜி, ஏ மைனர்
2 கட்டை: டி, ஜி, ஏ, பி மைனர்
5 கட்டை: ஜி, சி, டி, இ மைனர்

"கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தாராளமா அழுத்து. ஆனா ஹார்மோனியத்தை உன் கையில கொடுத்தா என்ன செய்வ?" என்றார் அங்கிள். கிட்டார் வாசிப்பவர்களுக்குக் கேப்போ உண்டு, அதையும் பயன்படுத்தலாம். எதுவானாலும் முதலில் பாடுபவரின் ச எங்கே என்று தேடுங்க. சுருதிப் பெட்டியைக் கேளுங்க. அது தெரியாமல் ஒரு கார்டும் அழுத்தாதீங்க.

4. கார்ட் சேராத இடம்

நம் இசை ராகத்தின் வழியில் நடப்பது. கீழே சுருதி நிற்கும், மேலே பாட்டு போகும். கார்ட் வெளியிலிருந்து வந்த விருந்தாளி. விருந்தாளி சமையலறைக்குள் புகுந்து உப்புப் போடக் கூடாது இல்லையா?

மோகனத்தை எடுங்க: ச ரி க ப த. இதில் ம-வும் இல்லை, நி-யும் இல்லை. அப்படியானால் 4-க்கு ம கிடைக்காது, 5-க்கு நி கிடைக்காது. ராகத்தின் சுரங்களை மட்டும் வைத்தால் 1-ம் 6-ம்தான் முழுதாக அமையும். மற்றதைப் போட்டால் ராகத்தில் இல்லாத சுரத்தை நீங்கள் நுழைக்கிறீர்கள் என்று அர்த்தம். சினிமாப் பாட்டில் தெரிந்தே அப்படிச் செய்வார்கள். தெரியாமல் செய்வதுதான் தவறு.

வாய்ப்பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையில் ப-வும் நி-யும் உண்டு. ஆனால் அதன் ரி தாழ்ந்த ரி. அதனால் நமக்குப் பழகிய ஐந்தாம் கார்ட் அங்கே பிறக்காது. அப்போது ச-வையும் ப-வையும் மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

கமகம் இன்னொரு விஷயம். குரல் சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகும். கட்டை அப்படிப் போகாது. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. தடை பல ஆண்டுகள் நீடித்தது. அதற்காகக் கீபோர்டை மூடி வைக்க வேண்டியதில்லை. பாடுபவர் சுரத்தை அசைக்கும் இடத்தில் கையை எடுத்துவிட்டால் போதும். இரண்டு இசையும் எப்படிச் சண்டை போடாமல் சேரும் என்று கேட்க ஆசையிருந்தால், இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்' கேளுங்க.

5. இந்த வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள்: 1 கட்டையில் ஏழு கார்டையும் வாசித்து, அதன் சுரங்களை வாய்விட்டுப் பாடுங்க.
அடுத்த இரண்டு நாள்: 1 – 4 – 5 – 1. கார்டுக்கு நாலு எண்ணிக்கை. வேகம் வேண்டாம்.
ஐந்தாம் நாள்: அதே வரிசையை 5 கட்டையில்.
ஆறாம் நாள்: 1 – 6 – 4 – 5, இரண்டு சுருதியிலும்.
ஏழாம் நாள்: வாசிக்காதீங்க. ஒரு பஜனைப் பாட்டைக் கேட்டு, ச எங்கே, பாட்டு எப்போது வீட்டுக்குத் திரும்புகிறது என்று மட்டும் கண்டுபிடிங்க.

அந்த ஏழாம் நாள் பயிற்சிக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டியிடம் போய், "பாட்டி, நீங்க பாடுங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜால்ராவை எடுத்தார். பாட்டு முழுதும் நான் வாசித்தது மூன்றே கார்ட். பல இடங்களில் கையை எடுத்துவிட்டேன். முடிந்ததும் பாட்டி திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு என் குரல் எனக்குக் கேட்டுச்சு அய்யா" என்றார்.

தம்பி தங்கைகளே, பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் எனக்குத் தெரியாது. நாலு கார்ட் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பாடுபவருக்கு இடம் விடக் கற்றுக்கொள்வதுதான் மீதிப் பாடம். இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்க.