தும்மலுக்கு ஒரு நாட்குறிப்பு

ஐப்பசியில் அடைமழை தொடங்கினால் தை பிறக்கும்வரை பல வீடுகளில் தும்மல் ஓய்வதில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை, தலைக்குக் குளித்ததால் வந்தது, குளிர்ச்சியானதைச் சாப்பிட்டிருப்பாய் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆண்டுதோறும் இந்த ஒவ்வாமையோடு வாழ்பவன் என்ற முறையில் நான் கற்ற முதல் பாடம், பருவத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டால் நோய் பிடிபடாது என்பதே. எந்த மாதமும் தானாகத் தும்மலைத் தருவதில்லை. அந்த மாதத்தில் காற்றிலும் வீட்டுக்குள்ளும் எது பெருகுகிறதோ, அதுதான் தருகிறது. அது எதுவென்று தெரிந்த பிறகுதான் விலக்க வேண்டியதை விலக்கவும், தேவையான மருந்தைத் தேவையான நேரத்தில் எடுக்கவும் முடியும்.

பருவத்தைக் காரணமாக நினைப்பது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தன்னை வாட்டிய கண் அரிப்பையும் தும்மலையும் 1819இல் மருத்துவர் சபையில் விவரித்தார். நோயைத் துல்லியமாக வர்ணித்த அவரே, அதற்குக் காரணம் கோடை வெப்பம் என்றுதான் நம்பினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி புல்லின் மகரந்தத்தைத் தன் தோலிலும் மூக்கிலும் வைத்துச் சோதித்தார். காற்றில் மிதக்கும் மகரந்தத்தையும் எண்ணினார். வெயில் அல்ல, மகரந்தமே காரணம் என்று 1873இல் நூலாக வெளியிட்டார். பாஸ்டாக் மாதத்தைக் கவனித்தார். பிளாக்லி அந்த மாதத்தின் காற்றில் இருந்ததைக் கவனித்தார். நாமும் இரண்டாமவரின் வழியில் போவதே நல்லது.

முதலில் இது ஒவ்வாமைதானா என்று பார்க்க வேண்டும். வைரஸால் வரும் ஜலதோஷம் தொண்டை வலி, உடம்பு வலி, சில நேரம் காய்ச்சலோடு வந்து ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கிலிருந்து நீராக ஒழுகும், மூக்கும் கண்ணும் மேலண்ணமும் அரிக்கும், வாரக்கணக்கில் நீளும். இவற்றில் அரிப்புதான் நல்ல அடையாளம். அடுத்த கேள்வி, எதனால் என்பது. நம் ஊர் மழைக்காலத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி. கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சிற்றுயிர் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்கிறது. தனக்கு வேண்டிய நீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஈரம் கூடினால் இது பெருகும். மழையில் ஜன்னல்கள் அடைபடும், மெத்தை வெயில் காணாது, பரணில் கிடந்த கம்பளி கீழே இறங்கும். கசியும் சுவரில் பூஞ்சையும் படரும். வெளியே, மழை நின்றதும் புற்களும் பார்த்தீனியமும் பூத்து நிற்கும். ஆக, ‘பனிக்காலத் தும்மல்’ என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சிறு நாட்குறிப்பு போதும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது தும்மல் வந்தது, எங்கே போனதும் தணிந்தது என்று சில வாரங்கள் எழுதிப் பாருங்கள். படுக்கையிலிருந்து எழும்போது தொடங்கி, வெளியே போனதும் குறைந்தால் தூசிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். காற்று வீசும் நாளில் திறந்தவெளியில் கண் அரித்தால் மகரந்தம். ஈரம் கசியும் அறையில் கூடினால் பூஞ்சை. போகிப் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி ஆகியவற்றால் அரிப்பு இல்லாமல் உடனே எரிச்சலும் ஒழுகலும் வந்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, வெறும் உறுத்தல். அதற்கு மாத்திரையைவிட விலகியிருப்பதே மருந்து. மணமுள்ள பூக்களையும் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லக் கூடாது. பூச்சிகளால் பரவும் மகரந்தம் கனமானது, காற்றில் அதிக தூரம் போகாது. கண்ணைக் கவராத புல்லின் பூவே காற்றை நம்பி மகரந்தத்தை இறைக்கிறது.

இவ்வளவு எதற்கு, ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா என்று கேட்கலாம். பரிசோதனை பயனுள்ளதே. ஆனால் ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். உங்கள் தும்மலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் ‘பாசிட்டிவ்’ வருவதுண்டு. குறிப்பும் பரிசோதனையும் ஒத்துப்போகும்போதுதான் முடிவு உறுதியாகும். தூசியில்லாத வீடு நம் தெருவில் சாத்தியமா என்ற கேள்வியும் நியாயமானது. தூசிப்பூச்சி புகாத மெத்தையுறையை மட்டும் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2003இல் வெளியாயின. பெரியவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. இதிலிருந்து எதுவுமே வீண் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, ஒற்றை உபாயம் போதாது என்றே நான் கொள்கிறேன். தினமும் ஏழெட்டு மணி நேரம் முகம் புதைந்து கிடக்கும் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுமார் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் மெத்தையை நன்றாகக் காய வையுங்கள். படுக்கையறையைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். சுவர்க் கசிவை அடைத்துவிடுங்கள். ஒட்டடை அடிக்கும் வேலையை ஒவ்வாமை இல்லாதவரிடம் விடுங்கள்; நீங்களே செய்ய வேண்டியிருந்தால் முகக்கவசம் அணியுங்கள்.

மருந்திலும் நேரம் முக்கியம். செடிரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பையும் தும்மலையும் குறைக்கும். மூக்கடைப்புக்கு அவ்வளவாக உதவாது. அடைப்புக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயே சிறந்தது. பெயரைக் கேட்டதும் பலர் அஞ்சுகிறார்கள். பரிந்துரைத்த அளவில் அடித்தால் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. அடித்த உடனே பலன் தெரியாததால் இரண்டே நாளில் நிறுத்துவதுதான் உண்மையான தவறு. தினமும் அடித்தால் ஒன்றிரண்டு வாரங்களில் முழுப் பலன் வரும். ஆகவே, உங்கள் மாதம் எதுவென்று குறிப்பு காட்டிவிட்டால், அதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்பிரேயை மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாக அடியுங்கள். உடனே மூக்கைத் திறந்துவிடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், அதுவே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கொதித்து ஆறிய நீர் மட்டுமே வேண்டும்.

மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், இரவில் விடாத இருமல் இருந்தால் ஆஸ்துமா சேர்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அடிக்கடி ரத்தம், முகவலியோடு காய்ச்சல் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், நாட்குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சில நிமிடங்களே கிடைக்கும் சந்திப்பில், ‘எனக்கு எப்போதும் தும்மல்’ என்பதைவிட, ‘காலை ஆறு மணிக்கு, படுக்கையறையில், மழை விட்ட வாரங்களில்’ என்பது அவருக்குப் பல மடங்கு உதவும்.