கேரவனைக் கீழே விடுங்கள், ஊருக்கு நடந்து ஏறுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களிடம் வருகிறார்கள். கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு குருயேர் போக நினைக்கிறோம். கேரவனோடு ஊருக்குள் போக முடியுமா? அரை நாள் போதுமா? அம்மா சுத்த சைவம். சீஸ் ஊரில் அவருக்குச் சாப்பிட என்ன இருக்கும்?
- வாசகி, சூரிச்

பதில்: ஊருக்குள் கேரவன் மட்டுமல்ல, உங்கள் காரும் போகாது. மதில் சூழ்ந்த குன்றின்மேல் இருக்கும் அந்தச் சிறு ஊரில் நடைதான். வண்டிகளுக்குக் கீழேயே நிறுத்துமிடங்கள் உண்டு. ஆனால் கேரவனை அங்கே இழுத்துக்கொண்டு போய் இடம் தேடாதீர்கள். பக்கத்தில் உள்ள எனேயில் காம்பிங் இருக்கிறது. ஆகஸ்ட் என்பதால் இப்போதே இடம் பிடித்து, கேரவனை அங்கே நிறுத்திவிட்டு ரயிலேறுங்கள். சில நிமிடத்தில் குருயேர் நிலையம். அங்கிருந்து மேலே கால் மணி நேர ஏற்றம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பேருந்து நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள்.

நெடுஞ்சாலை விக்னெட் காருக்கு ஒன்று, கேரவனுக்குத் தனியாக ஒன்று, ஒவ்வொன்றும் 40 ஃபிராங்க். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். காரும் கேரவனும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண பி உரிமம் போதாது, பிஇ வேண்டும். வாடகைக்காரரிடம் எடையைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அரை நாள் போதாது. தூரத்திலிருந்து வந்து போகிறவர்களுக்கு வாய்க்காதது, பக்கத்திலேயே தங்கும் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொட்டும் கூட்டத்தில் அந்த ஒற்றைத் தெருவின் அழகு தெரியாது. கோட்டையைப் பகலில் பாருங்கள், தெருவை மாலையில் நடங்கள். பழைய சந்தை இருந்த இடத்தில் தானியம் அளந்த கல்லைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். ஒரே கல்லில் சிறிதும் பெரிதுமாகக் குழிகள் குடைந்திருப்பார்கள். கொத்தால் நெல் அளந்த அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. யாரும் அளவைக் குறைக்க முடியாதபடி ஊர் நடுவே கல்லிலேயே செதுக்கி வைத்த அந்த ஏற்பாடு எனக்குக் கோட்டையைவிடப் பெரிதாகப் படுகிறது.

கோட்டையின் கதையும் கணக்கு வழக்கில்தான் முடிந்தது. கடைசிப் பிரபு மிஷேல் 1554-இல் கடனில் மூழ்கித் திவாலானார். கடன் கொடுத்த ஃப்ரிபூரும் பெர்னும் மறுவருடம் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1849-இல் ஜெனீவாவின் போவி குடும்பம் கோட்டையை வாங்கியது. அவர்கள் கூட்டி வந்த ஓவியர்களில் பிரான்ஸின் கோரோவும் ஒருவர், அவர் தீட்டியவை உள்ளே இருக்கின்றன. 1938-இல் ஃப்ரிபூர் மாநிலம் அதைத் திரும்ப வாங்கியது.

இனி அம்மாவின் சாப்பாடு. நிலையத்துக்கு எதிரே உள்ள சீஸ் ஆலையில் செப்புப் பாத்திரங்களில் பால் திரிவதை அவரும் பார்க்கலாம். 35 கிலோ வட்டு ஒன்றுக்குச் சுமார் 400 லிட்டர் பால் ஆகிறது. ஆனால் அந்தப் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். குருயேர் சீஸின் செய்முறை விதியே அதுதான். ஆகவே சுத்த சைவக்காரருக்கு அது ஆகாது. சாப்பிட்ட பிறகு தெரிந்து மனம் நோவதைவிட, போகும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபோந்யூவிலும் அதே சீஸ் சேர்கிறது. ஊரின் பெருமையான கெட்டிப் பாலாடையை மெரிங்கோடு தருவார்கள். மெரிங் முட்டை வெள்ளைக்கரு என்பதால் அதை விலக்கி, பாலாடையை ராஸ்ப்பெரியோடு கேளுங்கள். நிறைவான சாப்பாட்டுக்குக் கேரவன் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

ஏலியன் படத்துக்காக 1980-இல் ஆஸ்கார் வென்ற கீகரின் அருங்காட்சியகமும் தெருவிலேயே இருக்கிறது. எலும்பும் இயந்திரமும் பின்னிய உருவங்கள், உடலுறவுக் காட்சிகளும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம். பார்க்க ஆசையென்றால் பெரியவர்கள் மாறி மாறிப் போய் வாருங்கள்.