மார்கழிச் சென்னையா, திருவையாற்று ஆராதனையா?

கர்நாடக சங்கீதத்தை வானொலியிலும் கைபேசியிலும் கேட்டே பழகி, ஒரு வருஷமாவது விழா நடக்கும் ஊருக்கே போய் வித்வானுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கத்துக்குள் தமிழ்நாட்டில் இரண்டு பெரிய சந்தர்ப்பங்கள் வாய்க்கின்றன. ஒன்று, சென்னைச் சபாக்களின் மார்கழி இசை விழா. மற்றொன்று, காவிரிக் கரையில் திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜ ஆராதனை. இரண்டுக்கும் போய்வருவதே உத்தமம் என்று சொல்லிவிடுவது சுலபந்தான். ஆனால், எடுக்கக்கூடிய விடுப்பும் செலவழிக்கக்கூடிய பணமும் அளவுபட்டிருக்கிற ஒரு குடும்பஸ்தருக்கு அந்த யோசனையால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. எந்தத் தேதிக்குப் புறப்படுவது, எங்கே தங்குவது, எதைக் கேட்பது, பையில் எதை வைத்துக்கொள்வது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் இவ்விரண்டு ஊர்களும் வெவ்வேறு விடைகளையே தருவதால், முதல் பிரயாணம் எந்த ஊருக்கு என்பதை யோசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக மறு வருஷமே மியூசிக் அகாடமி தோன்றியது; தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய ஸ்தானம் வேண்டும் என்ற கிளர்ச்சியின் பலனாக 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது; இவற்றுக்கு முன்னும் பின்னும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் எழுந்த சபாக்கள் எல்லாம், மார்கழி பிறந்ததும் காலையிலிருந்து இரவு வரையில் ஒரே சமயத்தில் கச்சேரி நடத்துகின்றன. ஆகவே சென்னைக்குப் போகிறவருக்கு முதல் வேலையும் பெரிய வேலையும் தேர்ந்தெடுப்பதுதான். திருவையாற்றில் அந்தச் சிரமம் இல்லை. ஐந்து நாள் விழா முழுவதும் தியாகராஜ சுவாமிகளின் சமாதியை ஒட்டிய ஒரே பந்தலில் நடக்கிறது; பிரசித்தி பெற்ற வித்வான்களும் இனிமேல்தான் பெயர் தெரியப்போகிற இளைஞர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒன்றிரண்டு கீர்த்தனங்களைப் பாடிச் சுவாமிகளுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு, சன்மானம் ஏதும் பெறாமல் இறங்குகிறார்கள். கேட்க வருகிறவர்களுக்கும் டிக்கெட் கிடையாது.

இந்த வேற்றுமையிலிருந்தே மற்ற எல்லா வேற்றுமைகளும் பிறக்கின்றன. சென்னையில் மாலைக் கச்சேரி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நீடிக்கும். வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனங்களில் சபையைத் தன்வசப்படுத்தி, பிறகு ஒரு கனமான ராகத்தை எடுத்துக்கொண்டு ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று படிப்படியாக வளர்த்து, மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டு, கடைசியில் துக்கடாக்களோடு மங்களம் பாடி முடிப்பது அதன் கிரமம். ஒரு ராகம் அரை மணி நேரத்துக்குள் எப்படி உருவம் பெறுகிறது என்பதைக் காதால் கண்டுகொள்ள விரும்புகிறவர், அதைத் திருவையாற்றில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே அடைவார். கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து தம்முடைய குரலையும் சேர்த்துப் பாட விரும்புகிறவருக்கோ, சென்னையில் எத்தனை உயர்ந்த கச்சேரியாயினும் அந்தச் சந்தோஷம் கிடைக்காது.

தேதி விஷயத்தில் சென்னை சௌகரியமானது. அகாடமியின் சங்கீத விழா டிசம்பர் 15-ஆம் தேதி தொடங்கி, சங்கீத கலாநிதி பட்டம் வழங்கும் சதஸோடு ஜனவரி 1-ஆம் தேதி நிறைவு பெறுவது வழக்கம்; மற்றச் சபாக்களின் விழாக்களும் அதையொட்டியே முன்பின்னாக அமைகின்றன. ஆராதனையோ, 1847 ஜனவரி 6-ஆம் தேதி சுவாமிகள் சித்தியடைந்த திதியாகிய புஷ்ய பகுள பஞ்சமியை அனுசரித்து நடப்பதால், வருஷந்தோறும் இடம் மாறும்: 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் விடுப்புக்கு எழுதிப்போடக் கூடாது. திதி பொங்கலையொட்டி வந்துவிட்டாலோ, தஞ்சாவூர் ரயில்களில் இடம் கிடைப்பது துர்லபம்.

சென்னையில் எங்கே தங்குவது என்பதைக் கச்சேரிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தீர்மானிக்க வேண்டும். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டைப் பக்கத்தில் அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், பாரதிய வித்யா பவன், ராகசுதா மண்டபம் ஆகியவை ஆட்டோவுக்கு அதிகம் செலவழிக்காமல் போகக்கூடிய தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தியாகராயநகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும் இருக்கின்றன. இவ்விரண்டில் ஏதேனும் ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்குவதுதான் உசிதம். முதன்முறை வருகிறவர்கள், பிற்பகலில் ஒரு வட்டாரத்திலும் மாலையில் மற்றொரு வட்டாரத்திலுமாகத் திட்டம் வகுத்துக்கொண்டு, ஆலாபனை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நெரிசலில் ஆட்டோவில் சிக்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் பரிதாபமாக இருக்கிறது. என் ஓட்டு மயிலாப்பூருக்குத்தான். விடியற்காலையில் எழுந்து மாட வீதிகளுக்குப் போனால், பாபநாசம் சிவன் அந்நாளில் பாடி வலம் வந்த அதே வீதிகளில் பஜனை கோஷ்டிகள் வருவதைக் கேட்கலாம்.

திருவையாற்றில் தங்குமிடங்கள் சொற்பம்; இருப்பவையும் விழா நாட்களில் முன்கூட்டியே நிரம்பிவிடும். தஞ்சாவூரிலே தங்கிக்கொண்டு, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. சென்னை எழும்பூரில் இரவில் ஏறினால் விடியற்காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும் உழவன் விரைவு ரயில் இதற்கு அனுகூலமானது. பகலில் டெல்டாவின் வயல்களைப் பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவர்களுக்குச் சோழன் விரைவு ரயில் இருக்கிறது.

சென்னையில் டிக்கெட்டைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. பருவ டிக்கெட் என்பது உள்ளூர் ரசிகர்களுக்கு உரியது. மூன்று நான்கு நாட்களுக்கு வருகிறவருக்கு அது வேண்டியதில்லை. பிரபல வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு அன்றன்று விற்கப்படும் டிக்கெட்டுக்காகக் காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள் உண்டு; ஒரு நாளைக்கு அதைச் செய்யலாம். மாடியில் மலிவான இருக்கை கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். பாடுகிறவரின் முகம் தூரமாகத் தெரிந்தாலும் பாட்டுக்கு அதனால் குறைவில்லை. ஆனால் முதன்முறை வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது பிற்பகல் கச்சேரிகளைப் பற்றித்தான். அநேக சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள், எதிரே பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும், ஆனால் அந்தக் காலி மண்டபத்தில் மேடையிலிருந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்து, தம்பூராவின் சுருதி காதில் நிரம்பப் பக்கத்திலிருந்தே கேட்கும்போது, வயலின்காரர் பாடகியின் பிடியை எப்படித் தொடர்ந்து போகிறார், மிருதங்கக்காரர் எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திக் காத்திருக்கிறார், அவர் அடுத்து எடுக்கப்போகும் கோர்வைக்காகப் பாடகியின் கை தாளத்தை எவ்வளவு அழுத்தமாகப் போட்டுக்கொடுக்கிறது என்பவை எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் ஒருங்கே தெரியவரும். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு இல்லை. பெரிய வித்வான் யாரையும் கேட்காமல், பிற்பகல் கச்சேரிகளை மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்பினாலும் பிரயாணம் வீணாகாது. அங்கே உட்காரும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து அனுஷ்டிக்க வேண்டும்: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் வழக்கத்தைப் புதிதாக வருகிறவர்களும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சபா கேன்டீன்களின் புகழை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. மத்தியான்ன இலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்தால் முதல் கீர்த்தனம் முடிவதற்குள் கண் செருகிவிடும். ஆகையால் மத்தியான்னம் அளவாக உண்டு, மாலைக் கச்சேரிக்கு முன்பு அடையோ போண்டாவோ காப்பியோ சாப்பிடுவது நல்லது.

திருவையாற்றின் சிகரம் பஞ்சமியன்று காலை ஒன்பது மணியளவில் தொடங்கும் பஞ்சரத்ன கோஷ்டி கானம். அன்று ஏழு மணிக்கே சமாதிக்கு வந்து இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். சமாதியின் முன்னால் நடுவில் வழி விட்டு, வித்வான்களும் விதூஷிகளும் இரு பக்கமும் எதிரெதிரே வரிசையாகத் தரையில் அமர்வார்கள். அவர்களுக்குப் பின்னே பொதுமக்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களின் கீர்த்தனங்களும் ஆதி தாளத்திலேயே அமைந்திருப்பதால், நாட்டை தொடங்கிய கணத்திலேயே நூற்றுக்கணக்கான கைகள் தொடையில் ஒரே தட்டாக விழுகின்றன; அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு அந்தத் தாளம் தளர்வதில்லை. பெரிய வித்வானுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, மடியில் விரித்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அவரோடு சேர்ந்து பாடுகிறாள். அவளைத் தடுப்பார் யாரும் இல்லை. அந்த உரிமை எக்காலத்தும் இருந்ததன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளவுபட்டுக் கிடந்தபோது பெண்களுக்கு அங்கே பாட இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற மாதரசி தம்முடைய சொந்தப் பொருளைச் செலவிட்டு, 1920-களில் சமாதிக்குக் கோயில் எடுப்பித்ததோடு, பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தி அந்த உரிமையை நிலைநாட்டினார். கட்சிகள் ஒன்றுபட்டது பிற்பாடுதான். சமாதியை நோக்கிக் கைகூப்பியபடி அமைந்திருக்கும் அவருடைய சிலையை வணங்காமல் எவரும் திரும்பக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

எனவே திருவையாற்றுக்கு எடுத்துப்போக வேண்டியவற்றுள் முதலாவது பாடம்தான். ஐந்தும் வராவிட்டாலும் ஸ்ரீ ராகக் கீர்த்தனத்தையாவது இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்து சாதகம் செய்துகொண்டு போனால், கோஷ்டி முடியும் தறுவாயில் வாய்மூடி உட்கார்ந்திருக்க நேராது. வராளியைக் குரு நேராகக் கற்பிக்கலாகாது என்ற நம்பிக்கை இருப்பதால், அதைப் பலர் கேட்டே கற்றுக்கொள்கிறார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட பஞ்சரத்னப் புத்தகம் ஒன்று கையில் இருக்கட்டும். மற்றபடி தரையில் விரிக்க ஒரு சிறிய ஜமக்காளம், இரவு நிகழ்ச்சிக்கு உட்காருகிறவர்களுக்குப் பனியிலிருந்து காதையும் தலையையும் மூட ஒரு சால்வை, செருப்பைக் கழற்றிப் போட்டுவைக்க ஒரு துணிப்பை, கொசுவுக்கு ஓடோமாஸ், குடிநீர், சில்லறை நோட்டுகள், சிறிய டார்ச் இவை போதும். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபாதலால், அதற்கு முன்பு பஞ்சமி வரும் வருஷங்களில் பெரும்பாலும் காவிரியில் தண்ணீர் இருக்கும். ஸ்நானம் செய்ய விரும்புகிறவர்கள் மாற்று வேஷ்டியோ புடவையோ, ஒரு துண்டோடு எடுத்துக்கொள்ளலாம். பெட்டி மட்டும் வேண்டாம்; வைப்பதற்கு இடமில்லை. பெட்டியைத் தஞ்சாவூர் அறையில் பூட்டிவிட்டுத் தோள்பையோடு வருவதே சுகம்.

சென்னைக்கு வேண்டியவை வேறு. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவிலும் ஓயாதிருக்கக்கூடும். 2016-இல் வர்தா புயல் கரையைத் தாண்டியது டிசம்பர் 12-ஆம் தேதி. ஆகவே மடக்குக் குடையை மறக்கக் கூடாது. வெளியே புழுக்கமும் உள்ளே குளிர்சாதனத்தின் விறைப்புமாக நாளில் பலமுறை மாறிமாறி அனுபவிக்க நேர்வதால், மேலே பருத்தி உடையும் பையில் மெல்லிய சால்வையும் இருக்க வேண்டும். கேட்ட கீர்த்தனத்தின் ராகத்தையும் தாளத்தையும் குறித்துக்கொள்ள ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் குறித்துக்கொள்ள முயன்றால் அதன் வெளிச்சம் பின் வரிசைக்காரர்களின் கண்ணில் படும். பட்டுப் புடவையும் நகையும் அவரவர் விருப்பம். கேட்பதற்கு அவை தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் தரையில் நெடுநேரம் உட்கார இயலாத முதியவர்களும் நாற்காலி உள்ள சென்னையையே நாடுவது நல்லது. பஞ்சரத்னத்தை அவர்கள் வானொலியின் நேரடி ஒலிபரப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நான் கூறும் அபிப்பிராயம் இதுதான். பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறவர்கள், பையில் பணம் குறைவாயினும் பாடத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள், நேராகத் திருவையாற்றுக்குப் போகட்டும். அங்கே இரண்டு நாட்கள் போதும். கேட்கமட்டும் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் முதல் வருஷம் சென்னைக்கு வரட்டும். பள்ளி விடுமுறைக் கூட்டம் சேருவதற்கு முன்பு, டிசம்பர் 17-ஆம் தேதிக்கும் 23-ஆம் தேதிக்கும் இடையில் நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு பிற்பகல் கச்சேரியும் ஒரு மாலைக் கச்சேரியுமாகக் கேட்டால் காதுக்குக் களைப்பும் தோன்றாது, செலவும் கைமீறாது. அப்படி ஒரு மார்கழியைக் கேட்ட பிறகு பாடம் செய்துகொண்டு திருவையாறு செல்லலாம். ரயில் முன்பதிவு இப்போது புறப்படும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 17-ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 18-ஆம் தேதி காலை எட்டு மணிக்கே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.