திருகாணியைத் தொடுமுன்

மலைப்பாதைக்கென அமைந்த கியர் மிதிவண்டிகள் இன்று நம் விடுதி வாயிலிலும் பல நிற்கின்றன. கியர் சரியாக விழவில்லை என்றதும் நம் நண்பர்கள் செய்யும் முதற்காரியம், திருப்புளியை எடுத்துப் பின்புறமுள்ள இரண்டு சிறு திருகாணிகளை மனம்போனவாறு திருகுவதே. பெரும்பாலும் அவ்விரண்டும் குற்றமற்றவை. குற்றவாளி வேறிடத்தில் இருப்பான்.

என் ஊர் கோலார் தங்கவயல். கியர்ப் பாடம் கற்க அதைவிடக் கடுமையான பள்ளி எனக்குத் தெரிந்து இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த காலந்தொட்டு, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, பொன் தாங்கிய பாறையை ஆலையில் மாவாக அரைத்தார்கள். பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண் 3 கோடி டன்னுக்கு மேல் ஊரைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மேடு என்கிறோம். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சாலையெங்கும் பறக்கும். அதில் கலந்துள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் அரம்போல் உலோகத்தைத் தேய்க்கும்.

இனிப் பொறியின் இயல்பைக் காண்போம். பின்சக்கரத்துப் பற்சக்கரங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியைத் தள்ளும் கையே டிரெய்லியர். வழக்கமான வண்டியில் அதைப் பெரிய பற்சக்கரத்துக்கு இழுப்பது கேபிள். சிறியதற்குத் திருப்புவது அதனுள் இருக்கும் ஸ்பிரிங். இந்த ஒன்றை மனத்தில் இருத்தினாலே பாதி நோய் விளங்கிவிடும். 1984-இல் ஷிமானோ நிறுவனம் சொடுக்கு முறையைக் கொண்டுவருமுன், சரியான இடத்தை ஓட்டுபவர் கையே தேடிக் கண்டது. இப்போது நெம்புகோல் தானே அளந்து கொடுக்கிறது. எட்டுப் பற்சக்கரமுள்ள ஷிமானோ வண்டியில் ஒரு சொடுக்குக்குக் கேபிள் நகர்வது 2.8 மில்லிமீட்டர், டிரெய்லியர் நகர்வது 4.8 மில்லிமீட்டர் அளவு. இவ்வளவு நுட்பமான கணக்கைக் கெடுக்கச் சிறிது தூசி போதாதா?

பெரியதற்கு நன்றாக ஏறுகிறது, சிறியதற்கு இறங்கத் தயங்குகிறது எனின், கேபிள் உறைக்குள் சிக்குகிறது என்று கொள்க. கை இழுக்கும்போது உராய்வு தோற்றுவிடும். ஸ்பிரிங் தனித்து இழுக்கும்போது உராய்வே வெல்லும். சோதிப்பது எளிது. சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றிச் சக்கரத்தை நிறுத்துங்கள். மிதியைச் சுற்றாமல் நெம்புகோலைக் கடைசிச் சொடுக்குவரை இறக்குங்கள். கேபிள் தளர்ந்துவிடும். சட்டத்திலுள்ள பிளவுத் தாங்கிகளிலிருந்து உறையைக் கழற்றி, கேபிளின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பின்சக்கரத்தருகே வளைந்து வரும் கடைசி உறைத்துண்டே பெரும்பாலும் நரநரக்கும். கேபிளை உலர்ந்த துணியால் துடையுங்கள். துருவோ பிரிந்த இழையோ கண்டால் உறையோடு மாற்றிவிடுங்கள். எண்ணெயைக் கொட்டாதீர்கள். முழுத் தொகுதியையே மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு. மாணவர் கையிருப்பில் பல மாதம் அதில் போய்விடும். தேவைப்படுவதோ ஒரு கேபிளும் சிறிது உறையும்தான்.

மாறாக, பெரியதற்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு. புதிய கேபிளில் இது இயல்பு. உறை முனைகள் தத்தம் இடத்தில் அமுங்கச் சில நாள் ஆகும். கேபிள் டிரெய்லியருக்குள் நுழையுமிடத்து உருளைத் திருகைப் பின்னின்று நோக்க இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பி, ஓட்டிப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் வேண்டா.

ஒரு முனையில் சரியாக விழுந்து மறுமுனையில் இரைந்தால் கேபிளை விட்டுவிட்டுப் பின்னால் குந்திப் பாருங்கள். டிரெய்லியரின் இரு சிறு உருளைகளும் பற்சக்கரத்துக்கு நேராகத் தொங்கவேண்டும். சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் காது வளைந்துள்ளது. ஹேங்கர் என்பர். சட்டம் தப்பட்டும் என்று பல வண்டிகளில் அதை மெல்லிய அலுமினியத்தில் வேண்டுமென்றே செய்கிறார்கள். ரயிலிலோ பேருந்தின் மேலோ வலப்பக்கம் படுக்கவைத்த வண்டிக்கு இது நேரும். அதனால் எப்போதும் இடப்பக்கமாகவே கிடத்துகிறேன்.

அழுத்தி மிதிக்கையில் சங்கிலி வழுக்கினால் அடிக்கோலை வையுங்கள். புதுச் சங்கிலியில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் மாற்றவேண்டும்.

இத்தனையும் பார்த்தபின்தான் அந்த இரு திருகாணிகள். அவை கியரை மாற்றுவன அல்ல, எல்லைக் கற்கள். எல் என்று குறித்தது, சங்கிலி பெரிய பற்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழாமல் காக்கிறது. விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் நின்று மிதிப்பவர் தூக்கியெறியப்படலாம். ஆகவே புறப்படுமுன் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றி, மிதியை மெல்லச் சுற்றிக்கொண்டே டிரெய்லியரைக் கையால் ஆரக்கம்பிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். சங்கிலி தாண்டவில்லையா, வண்டியை எடுக்கலாம்.