காலுக்கு மார்க் போட்ட மெஷின்: ஜப்பான், 1998

முன்னுரை

இந்த மாதச் சுவரிதழில் ஒரு விளையாட்டு மெஷினைப் பற்றி எழுதுகிறேன். "விளையாட்டை எழுதுறதுக்கா சார்ட் பேப்பர் வாங்கினீங்க?" என்று கேட்காதீர்கள். இதில் வரலாறு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, நம்ம அறிவியல் புத்தகத்தில் வரும் வேகமும் நேரமும் இருக்கிறது. கடைசியில் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இந்த மெஷினை நான் நேரில் பார்த்ததில்லை. எங்க அண்ணன் போனில் வீடியோவாகப் பார்த்தேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

1998-க்கு முன்னால்

ஜப்பானில் காசு போட்டு விளையாடும் கூடங்களுக்கு "கேம் சென்டர்" என்று பெயர். 100 யென் நாணயத்தைப் போட்டால் ஒரு ஆட்டம். சுடுகிற ஆட்டம், சண்டை போடுகிற ஆட்டம் என்றுதான் பல வருடம் அங்கே கூட்டம் சேர்ந்தது. 1991-இல் வந்த "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" அப்படிப்பட்ட சண்டை ஆட்டம். போகிறவர்களில் பையன்களே அதிகம். 1995-இல் ஒரு மாற்றம் வந்தது. அட்லஸ், சேகா என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து, போட்டோ எடுத்து உடனே ஸ்டிக்கராகக் கொடுக்கும் ஒரு மெஷினைக் கொண்டுவந்தன. அதை "புரிகுரா" என்பார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அதற்காக கேம் சென்டருக்குள் வந்தார்கள்.

1996 டிசம்பரில் வீட்டில் டி.வி.யோடு சேர்த்து விளையாடும் பிளேஸ்டேஷனுக்கு "பராப்பா தி ராப்பர்" என்ற ஆட்டம் வந்தது. மசாயா மாட்சுரா என்ற இசைக்கலைஞர் உருவாக்கியது. தாளத்துக்குச் சரியாகப் பட்டனை அழுத்தினால் ஒரு நாய்க்குட்டி ராப் பாடும். சுடவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம், தாளம் தப்பாமல் இருந்தால் போதும்.

அடுத்து வந்தது கொனாமி. இந்தக் கம்பெனி 1969-இல் ஒசாகா பக்கம் தொடங்கியபோது என்ன வேலை செய்தது தெரியுமா? காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விடுவதும், ரிப்பேர் செய்வதும்தான். காசுக்குப் பாட்டு என்ற பழைய தொழிலுக்கே 28 வருடம் கழித்து வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. 1997 டிசம்பரில் "பீட்மேனியா" என்ற மெஷினை வெளியிட்டது. ஐந்து கட்டைகள், பக்கத்தில் இசைத்தட்டு மாதிரி சுற்றுகிற ஒரு வட்டு. மேலிருந்து கோடுகள் விழும். கோடு அடியில் வந்து தொடும்போது அதற்கு உரிய கட்டையை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தச் சத்தம் கேட்கும். விட்டுவிட்டால் பாட்டில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும். அதாவது விளையாடுகிறவரும் பாட்டில் ஒரு வாத்தியம்.

1998: ஒரே வருடத்தில் இரண்டு மெஷின்கள்

பீட்மேனியாவுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆனால் பார்த்தாலே பயமாக இருக்கும், அவ்வளவு வேகம். அதனால் 1998 செப்டம்பரில் கொனாமி "பாப்பன் மியூசிக்" என்ற இன்னொரு மெஷினைக் கொண்டுவந்தது. உள்ளங்கை அளவுக்குப் பெரிய, உருண்டையான ஒன்பது பட்டன்கள். கீழ்வரிசையில் ஐந்து, மேல்வரிசையில் நான்கு. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் கலராக மிட்டாய் மாதிரி இருக்கும். ஸ்கிரீனில் மிமி என்ற முயலும், ஞாமி என்ற பூனையும் ஆடும். புதிதாக வருகிறவர்களும் பெண்களும் தயங்காமல் கை வைக்க வேண்டும் என்றுதான் இப்படிச் செய்தார்கள். ஒருவரே ஒன்பது பட்டனையும் அடிக்கலாம், தோழிகளோடு பங்கு போட்டுக்கொண்டும் அடிக்கலாம்.

அதே வருடத்தின் பிற்பகுதியில் வந்ததுதான் நம்ம கதாநாயகன், "டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்". சுருக்கமாக டி.டி.ஆர். இதில் கைக்கு வேலையே இல்லை. ஸ்கிரீனுக்கு முன்னால் தரையில் ஒரு மேடை. மேடையில் நான்கு அம்புக்குறிப் பலகைகள்: முன், பின், இடது, வலது. நடுவில் நிற்க ஒரு இடம். பாண்டி விளையாடக் கட்டம் போடுவோமே, ஏறக்குறைய அது மாதிரி. ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் அடியில் மிதித்தால் தெரிந்துகொள்கிற சென்சார் நான்கு இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு மேடையும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். திறமைசாலி என்றால் ஒருவரே எட்டுப் பலகையிலும் ஆடலாம்.

முதல் பதிப்பிலேயே "பட்டர்ஃபிளை" என்ற பாட்டு ரொம்பப் பிரபலம். அதைப் பாடியது சுவீடன் நாட்டைச் சேர்ந்த இரண்டு பெண்கள், குழுவின் பெயர் ஸ்மைல் டாட் டி.கே. கொனாமியிலேயே இருந்த நவோகி மைதா என்பவர் "பாரனோயா" என்ற வேகமான பாட்டை அமைத்தார். பாடியவர் பெயர் வரும் இடத்தில் தன் பெயரைப் போடாமல் "180" என்று ஒரு எண்ணைப் போட்டார். அந்த எண் ஏன் என்பது கீழே வருகிறது.

மெஷின் எப்படி மார்க் போடுகிறது?

ஸ்கிரீனின் மேல்பக்கம் நான்கு அம்புகள் அசையாமல் நிற்கும். கீழேயிருந்து வேறு அம்புகள் ஏறி வரும். ஏறி வருகிற அம்பு நிற்கிற அம்பின் மேல் கச்சிதமாகப் பொருந்துகிற நொடியில், காலால் அந்தப் பக்கத்தை மிதிக்க வேண்டும். முன்னாலும் மிதிக்கக் கூடாது, பின்னாலும் மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் உடனே மார்க் வரும். பெர்ஃபெக்ட், கிரேட், குட், பூ, மிஸ் என்று ஐந்து வகை. (இந்தப் "பூ" நாம் தலையில் வைக்கிற பூ இல்லை! ஆங்கிலத்தில் கேலியாகக் கத்துகிற சத்தம்.) மேலே ஒரு பட்டை ஏறி இறங்கும். தப்பு கூடினால் அது குறையும். சுத்தமாகக் காலியானால் ஆட்டம் முடிந்தது.

இப்போது கணக்கு. பாட்டின் வேகத்தை "நிமிடத்துக்கு எத்தனை அடி" என்று சொல்வார்கள். அடி என்றால் தாள அடி.

120 அடிப் பாட்டு: 60 ÷ 120 = 0.5. அரை நொடிக்கு ஒரு அடி.
180 அடிப் பாட்டு: 60 ÷ 180 = 1/3. ஒரு நொடிக்கு மூன்று அடி.

"பாரனோயா"வின் வேகம் 180. அந்தப் பெயரின் ரகசியம் இதுதான்!

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். ஸ்கிரீனில் ஒரு நொடிக்கு 60 படம் மாறுகிறது. 180 அடிப் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 20 படம்தான். பெர்ஃபெக்ட் வாங்க வேண்டுமென்றால் அதில் ஒரு சில படத்துக்குள் கால் இறங்க வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு.

வேகம் = தூரம் ÷ நேரம் என்று படித்தோம் அல்லவா? பாட்டு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக அம்பும் ஏறும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் ஸ்கிரீனில் இருக்கிற இடைவெளி மாறாது. நேரம் குறைகிறது. அதனால் 180 அடிப் பாட்டின் அம்பு, 120 அடிப் பாட்டின் அம்பைவிட ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும்.

பீட்மேனியாவுக்கும் டி.டி.ஆருக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பீட்மேனியாவில் தப்பு செய்தால் பாட்டே கெட்டுப்போகும். டி.டி.ஆரில் பாட்டு தன்பாட்டுக்கு ஓடும். நீங்கள் பத்து அம்பை விட்டாலும் பாட்டு கெடாது, பதினோராவது அம்பிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

பழகுகிறவர்கள் என்ன செய்தார்கள்?

புதிதாக ஆடுகிறவர் ஒவ்வொரு மிதிக்கும் பிறகு நடுவுக்குத் திரும்பி வருவார். அப்படி வந்தால் ஒரு அம்புக்கு இரண்டு அசைவு, கால் வலிக்கும், வேகப் பாட்டில் முடியாது. பழகினவர் நடுவுக்கு வரவே மாட்டார். மிதித்த பலகையிலேயே நின்று, இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி அடுத்ததற்குப் போவார். இதை யாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. காசு போட்டுப் போட்டு, கால் தடுக்கித் தடுக்கிக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு விஷயம். ஆடுகிறவர் முகம் ஸ்கிரீன் பக்கம் இருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான். யார் சிரிக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. மெஷினும் நம் கையைப் பார்க்காது, முகத்தைப் பார்க்காது, துணியைப் பார்க்காது. கால் சரியான நேரத்தில் இறங்கியதா என்று மட்டும் பார்க்கும்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நன்றாகப் பழகின சிலருக்கு மெஷின் கொடுக்கிற மார்க் போதவில்லை. அம்புகளை மனப்பாடம் செய்துகொண்டு, ஸ்கிரீனுக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று ஆடினார்கள். கையை வீசினார்கள், சுற்றினார்கள், முட்டி போட்டுப் பலகையைத் தொட்டார்கள். இந்த ஆட்டத்துக்கு "ஃப்ரீஸ்டைல்" என்று பெயர். மெஷின் இதற்குத் தனி மார்க் தராது. கூட்டம்தான் கை தட்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஜப்பானில் 1948-இல் வந்த ஒரு சட்டப்படி, வாடிக்கையாளர்களை நடனமாட விடும் கடைகளுக்கு உரிமம் தேவைப்பட்டது. இந்த நடன விதியை 2015-இல்தான் திருத்தித் தளர்த்தினார்கள்.

★ 1999-இல் கிதார் வடிவ மெஷினும் டிரம்ஸ் வடிவ மெஷினும் வந்தன. 2001-இல் நாம்கோ கம்பெனி ஜப்பானின் பாரம்பரிய முரசான "தைக்கோ"வைக் குச்சியால் அடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தது.

★ கொனாமியின் இசை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் "பெமானி". பீட்மேனியா என்பதன் சுருக்கம்.

1998-க்குப் பின்னால்

1999 ஏப்ரலில் டி.டி.ஆர். பிளேஸ்டேஷனுக்கு வந்தது. மேடைக்குப் பதில் பாய் மாதிரி விரிக்கிற ஒரு விரிப்பு. இனி வீட்டிலேயே ஆடலாம். இது கடல் தாண்டிப் போய், 2006-இல் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் 765 அரசுப் பள்ளிகளிலும் உடற்கல்விக்கு இந்த ஆட்டத்தைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. ஓட்டப் பந்தயம், பந்து விளையாட்டு என்றால் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளும் ஆட வருவார்கள் என்ற எண்ணம்தான் காரணம். டி.டி.ஆரின் புதிய பதிப்பு 2024-இலும் வந்திருக்கிறது.

இதில் நமக்கு என்ன?

ஆண்டு விழா டான்ஸுக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் நம்ம வகுப்பில் என்ன நடக்கும்? போன வருடம் ஆடின அதே எட்டுப் பேர் கை தூக்குவார்கள். மற்றவர்கள் எல்லாம் பெஞ்சைப் பார்ப்போம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. "உனக்குத் தாளமே நிக்காதுடி" என்று ஒருதடவை சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் நாமே அதை நம்பிவிடுகிறோம்.

தாளம் என்பது பிறவியில் வருவது என்று நானும் நினைத்தேன். இந்த மெஷினைப் பற்றிப் படித்த பிறகு யோசிக்கிறேன். தாளத்தை நான்கு அம்பாகப் பிரித்து, ஒவ்வொரு மிதிக்கும் "இப்போ சீக்கிரம்", "இப்போ லேட்" என்று உடனே தெரிகிற மாதிரி வைத்தால், எத்தனையோ பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தாளம் இல்லை என்று இல்லை. தப்பு செய்து பழக ஒரு இடம் இல்லை.

செய்து பார்ப்போம்

மெஷின் வாங்க முடியாது. சாக்பீஸ் இருக்கிறதே! தேவையானவை: சாக்பீஸ், நொடி முள் உள்ள கடிகாரம், மூன்று பேர்.

1. தரையில் நான்கு கட்டம் போட்டு முன், பின், இடது, வலது என்று அம்பு வரையவும்.
2. ஒருவர் நொடிக்கு ஒரு தட்டு என்று கை தட்டவும். இது நிமிடத்துக்கு 60 அடி.
3. அதே ஆள் ஒவ்வொரு தட்டுக்கும் முந்தியே "இடது", "முன்" என்று சொல்லவும். ஆடுகிறவர் தட்டு விழும்போது மிதிக்கவும். ஆடுகிறவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.
4. மூன்றாவது ஆள் மார்க் போடவும். சிரிக்கக் கூடாது.
5. 60 சரியாக வந்தால் நொடிக்கு இரண்டு தட்டு. அதாவது 120.

நானும் என் தோழி இரண்டு பேரும் சத்துணவுக்கூடத் திண்ணையில் ஒரு வாரம் செய்தோம். முதல் நாள் 20 மிதியில் எனக்கு 7 சரி. ஐந்தாம் நாள் 16.

முடிவுரை

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆண்டு விழாவுக்குப் பேர் எழுதுவதற்கு இரண்டு வாரம் முன்னால், பி.டி. பீரியடில் வாரம் ஒருநாள் எல்லாருக்கும் இந்தச் சாக்பீஸ் கட்டம் போட அனுமதி வேண்டும். முதலில் எல்லாரும் சுவரைப் பார்த்து ஆடுகிறோம். அப்புறம் பேர் கேளுங்கள். எத்தனை பேர் திரும்பி நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

கேள்விகள்

1. நிமிடத்துக்கு 150 அடி உள்ள பாட்டில் ஒரு அடிக்கு எத்தனை நொடி?
2. அந்த நேரத்தில் ஸ்கிரீனில் எத்தனை படம் மாறும்?
3. பாப்பன் மியூசிக் மெஷினில் எத்தனை பட்டன்?
4. கொனாமி கம்பெனி முதலில் செய்த தொழில் என்ன?

விடையைப் பேப்பரில் எழுதி 9-ஆம் வகுப்பு ஜன்னலில் உள்ள பெட்டியில் போடவும். சரியாக எழுதுகிற முதல் மூன்று பேருக்கு அடுத்த சுவரிதழில் பெயர் வரும், ஆளுக்கு ஒரு சாக்பீஸும் உண்டு.